தூக்கிப் பார்த்து வாங்குங்கள்

வணக்கம் நேயர்களே. வரப்போர வண்டித்தடம், காய்ந்த ஓடை, மலையடிவாரக் கல்பாதை, இங்கெல்லாம் மோட்டார் சைக்கிள் ஓட்ட ஆசைப்படுகிறவர், அதற்கென்று முதல் வண்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது? இதைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். கம்பெனிப் பெயர் சொல்லலாமா என்று நிலையத்தாரிடம் கேட்டேன். விளம்பரம் மாதிரி ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். எனக்கு யாரும் காசு கொடுக்கவில்லை, அதனால் அந்தப் பயம் வேண்டாம்.

நான் தேனிப் பக்கம் பட்டறை வைத்திருக்கிறேன். பட்டறைக்கு வருகிற பையன்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணே, எத்தனை சிசி எடுக்கலாம்?" எத்தனை கிலோ என்று கேளுடா என்பேன். சிரிப்பார்கள். சிரித்துவிட்டு மறுபடியும் சிசிதான் கேட்பார்கள்.

ஏன் கிலோ? தார் ரோட்டில் வண்டி கீழே விழுந்தால் அது விபத்து. மண்பாதையில் விழுவது அன்றாடம். வேகமெல்லாம் வேண்டியதில்லை, நடக்கிற வேகத்திலேயே விழுவோம். ஒரு உருட்டுக்கல் முன்சக்கரத்தைத் தள்ளும், காலை ஊன்றப் போவோம், ஊன்றின இடத்தில் பள்ளம் இருக்கும், அவ்வளவுதான். அடியொன்றும் பெரிதாகப் படாது. ஆனால் வண்டியை நிமிர்த்த வேண்டும். முதல் தடவை வீரமாகத் தூக்குவோம். இரண்டாவது தடவை மூச்சு வாங்கும். அப்புறம் கை நடுங்க ஆரம்பிக்கும். கை நடுங்கினால் கிளட்சைப் பிடித்து விடுவதில் நிதானம் போய்விடும், அதனாலேயே இன்னொரு தடவை விழுவோம். புதிதாக ஓட்டுகிறவர் களைத்துப் போவது ஓட்டி அல்ல, தூக்கி.

தூக்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. படம் போட்டுக் காட்ட வானொலியில் வழியில்லை, சொல்கிறேன், மனசில் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டி கீழே கிடக்கிறது. முதலில் என்ஜினை அணையுங்கள். கியரில் போடுங்கள், உருளாது. வலப்பக்கமாக விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முன்கூட்டியே இறக்கி வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தூக்குகிற வேகத்தில் அந்தப் பக்கம் போய் விழும். ஹேண்டில்பாரைத் தரையில் கிடக்கிற பக்கமாக முழுக்கத் திருப்புங்கள். இப்போது வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, இடுப்பை சீட்டின் ஓரத்தில் முட்டுக்கொடுங்கள். ஒரு கை ஹேண்டில்பார் பிடியில், இன்னொரு கை பின்பக்கக் கம்பியில். முதுகை வளைக்காமல் காலை ஊன்றி, பின்னோக்கிச் சின்னச் சின்ன அடியாக வையுங்கள். வண்டி எழுந்துவிடும். முதுகு வலியெடுத்தால் ஏதோ தப்பாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தம்.

ஷோரூமில் புது வண்டியைப் படுக்கப்போட விடமாட்டார்கள். அதனால் அதே மாடல் வைத்திருக்கிற யாரையாவது பிடியுங்கள். களத்தில் வைக்கோலைப் பரப்பி அதன்மேல் மெதுவாகச் சாய்த்துப் போட்டுத் தனியாளாகத் தூக்கிப் பாருங்கள். ஒரு தடவை அல்ல, அடுத்தடுத்து நாலைந்து தடவை. நண்பன் துணைக்குக் கை கொடுத்தால் அது கணக்கில் சேராது. அன்றைக்குச் சாயங்காலம் உங்கள் முதுகு சொல்வதை எந்த யூடியூப் விமர்சனமும் சொல்லாது.

இதற்கு ஒரு கதை உண்டு. என் பட்டறையில் இதைக் கேட்காதவர்கள் கிடையாது, இன்றைக்கு நீங்களும் கேளுங்கள்.

ஒரு கோடையில் வெளியூர்ப் பையன்கள் சிலர் வைகை ஆற்றுக்குள் மணலில் ஓட்டிப் பழக வந்திருந்தார்கள். அதில் ஒருவர் வண்டி புத்தம்புதுசு, பெரிய என்ஜின், 190 கிலோவுக்கு மேல். இரண்டு பக்கமும் இரும்புப் பெட்டி, முன்னால் கிராஷ் கார்டு, அதன்மேல் விளக்கு. நடு ஆற்றில் பின்சக்கரம் இறங்கிவிட்டது. இறங்கியதும் பையன் ஆக்சிலேட்டரை முறுக்கியிருக்கிறார். மணலில் முறுக்கினால் டயர் குழிதான் பறிக்கும். நான் போய்ச் சேர்ந்தபோது செயின் மணலுக்குள் இருந்தது, வண்டி ஸ்டாண்டே இல்லாமல் தானாக நின்றுகொண்டிருந்தது. கிளட்ச் தீய்ந்த வாடை கரை வரைக்கும் வந்தது. நாலு பேர் நாலு பக்கமும் பிடித்து இழுக்கிறார்கள், அசையவில்லை. இழுக்க இழுக்க அவர்கள் கால்தான் மணலில் புதைகிறது.

அப்போது எதிர்க்கரையிலிருந்து ஒரு பெரியவர் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வருகிறார். பின்னால் ஆளுயரத்துக்குச் சோளத்தட்டை. இரண்டு காலையும் தரையில் உரசவிட்டு, ஆக்சிலேட்டரை ஏற்றாமல் இறக்காமல் ஒரே சீராகப் பிடித்துக்கொண்டு, மணலை உழுதபடி வந்து சேர்ந்தார். ஓரிடத்தில் வண்டி திணறியது. இறங்கி, பக்கத்தில் நடந்துகொண்டே ஆக்சிலேட்டர் கொடுத்தார், ஏறி வந்துவிட்டது. எங்களைப் பார்த்து நிறுத்தினார். "இம்புட்டுப் பெரிய வண்டிய எதுக்குத் தம்பி ஆத்துக்குள்ள எறக்குனீக?" என்றார். பையன்கள் பேசவில்லை. "இழுக்காதீகப்பா. அப்படியே சாச்சுப் படுக்கப் போடுங்க. குழியத் தூத்துங்க. பெறகு நிமித்துங்க" என்றார். பெட்டிகளைக் கழற்றிவிட்டு, சொன்னபடி செய்தோம். சாய்த்ததும் சக்கரம் மணலைவிட்டு மேலே வந்தது. குழியைக் காலால் தள்ளி மூடினோம். நிமிர்த்தி, முதல் கியரில், ஆள் ஏறாமல் பக்கத்தில் நடந்தே கரையேற்றினோம். நிமிர்த்துவதற்கு மூன்று பேர் வேண்டியிருந்தது. அங்கே ஆள் இருந்தார்கள், சரி. தனியாகப் போயிருந்தால்?

எக்ஸ்எல்லில் 100 சிசிகூட முழுசாக இல்லை. சக்தி நாலரைக் குதிரைத்திறனைத் தொடாது. எடை 90 கிலோவுக்குள். அந்த வண்டி போகாத வரப்பு உண்டா நம் ஊரில்? உரமூட்டையோடு போகிறது, பால் கேனோடு போகிறது. எடை இல்லை, அதனால் போகிறது. காட்டில் ஓட்ட எக்ஸ்எல் வாங்குங்கள் என்று சொல்ல வரவில்லை. அதற்குக் கல்லில் தாவுகிற சஸ்பென்ஷன் கிடையாது, சக்கரமும் சின்னது. எடை குறைந்தால் எவ்வளவு நடக்கும் என்பதற்குச் சொன்னேன். சக்தி பற்றியும் ஒரு வார்த்தை. டக்கார் பந்தயம் என்று பாலைவனத்தில் நாள்கணக்காக ஓட்டுகிறார்களே, அங்கேயே 2011 முதல் 450 சிசிக்கு மேல் பைக்குக்கு இடமில்லை. நமக்கு 18, 20 குதிரைத்திறன் தாராளம்.

சரி, என்னென்ன வண்டி இருக்கிறது? நம் நாட்டில் இந்த வகையைச் சாதாரண ஆள் வாங்குகிற விலையில் முதலில் கொண்டுவந்தது ஹீரோவின் இம்பல்ஸ், 2011-இல். 150 சிசி, 134 கிலோ. காலத்துக்கு முந்தி வந்துவிட்டது, விற்கவில்லை, நிறுத்திவிட்டார்கள். அப்புறம் 2019-இல் எக்ஸ்பல்ஸ் 200. முன்னால் 21 அங்குலம், பின்னால் 18 அங்குலம், கம்பிச் சக்கரம், தரைக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் 220 மில்லிமீட்டர் இடைவெளி. பிறகு வந்த நாலு வால்வு வண்டி 160 கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. 2025-இல் வந்த 210, 170 கிலோவை ஒட்டி. கவாசாகியின் கேஎல்எக்ஸ் 230 இங்கே விற்க ஆரம்பித்தபின் எடைப் பேச்சே மாறியது, 139 கிலோ. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 200 கிலோவை நெருங்குகிறது. லடாக் போய்வர அருமையான வண்டி. ஓடைக்குள் முதல் பாடம் படிக்க அதை எடுக்காதீர்கள்.

எடையைப் பார்க்கும்போது கெர்ப் எடை என்று போட்டிருக்கிறதா பாருங்கள், அதில்தான் பெட்ரோலும் ஆயிலும் சேரும். ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ. அப்புறம் கிராஷ் கார்டு, பெட்டி, பெட்டி மாட்டுகிற கம்பி என்று நீங்களே ஏற்றுகிற பாரம் தனி. வாங்கின மறுநாளே 15 கிலோ ஏற்றிவிட்டு வண்டி கனக்கிறது என்று வருகிறவர்களைப் பார்க்கிறேன்.

அடுத்தது சீட் உயரம். எக்ஸ்பல்ஸ் 200 சுமார் 825 மில்லிமீட்டர், கேஎல்எக்ஸ் 880. ஐந்தரை அடி ஆள் 880-ஐப் பார்த்தால் மலைப்பார். இரண்டு பாதமும் முழுசாகப் பதிய வேண்டும் என்பது ரோட்டு வண்டிக் கணக்கு. இங்கே இடுப்பைக் கொஞ்சம் நகர்த்தி ஒரு பாதத்தை நன்றாக ஊன்ற முடிந்தால் போதும். நீங்கள் உட்கார்ந்ததும் ஸ்பிரிங் அமுங்கிச் சீட்டும் இறங்கும். இருந்தாலும் பழக ஆரம்பிக்கிறவருக்கு உயரம் பயத்தைக் கொடுக்கும், பயந்தவர் காலைத் தப்பான இடத்தில் ஊன்றுவார். எனவே ஏறி உட்கார்ந்து பாருங்கள். ரோட்டோரம் மட்டும் அல்ல, சரிவான இடத்தில் நிறுத்தி, பள்ளப் பக்கம் காலை ஊன்றிப் பாருங்கள்.

சக்கரம். முன்னால் 21 அங்குலம் ஏன் என்றால், பெரிய சக்கரம் கல்லின்மேல் உருண்டு ஏறிப் போகும், சின்னது முட்டி நிற்கும். கம்பிச் சக்கரம் அடி தாங்கும், கோணினால் கம்பியைத் திருகி நேராக்கலாம். அலாய் சக்கரம் விரிசல் விட்டால் குப்பைதான். ஆனால் கம்பிச் சக்கரத்தில் பெரும்பாலும் ட்யூப் இருக்கும், பஞ்சரானால் நடுக்காட்டில் உட்கார்ந்து நீங்கள்தான் கழற்ற வேண்டும். ஒரு ட்யூப், இரண்டு டயர் லீவர், கைப்பம்பு இல்லாமல் கிளம்பாதீர்கள்.

முன் மட்கார்டு ஏன் அவ்வளவு உயரத்தில் கொக்கு மூக்காக நிற்கிறது என்று கேட்பார்கள். அழகுக்கு இல்லை. கோவில்பட்டிப் பக்கம் கரிசலில் மழைக்குப் பிறகு ஓட்டிப் பாருங்கள். டயரில் அப்பின மண் சுற்றிச் சுற்றி வந்து தாழ்வான மட்கார்டுக்குள் அடைத்து, சக்கரத்தையே நிறுத்திவிடும். குச்சி வைத்து நோண்டி எடுத்துவிட்டு அடுத்த பத்தடி போகலாம். அவ்வளவுதான்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் மிகுதி, அதனால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள், நடுவில் எங்காவது தட்டி நின்றால் கோன்செட், அதாவது ஹேண்டில் கழுத்திலுள்ள பேரிங், போயிற்று. முன்சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க் குழாயில் விரலை ஓட்டுங்கள், எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஆயில் சீல் ஒழுகுகிறது. பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினால், அதைத் தாங்குகிற ஸ்விங் ஆர்மின் புஷ் தேய்ந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். சக்கரக் கம்பிகளை ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள், தளர்ந்த கம்பி சத்தத்திலேயே காட்டிக்கொடுக்கும். என்ஜின் அடித்தகடு நசுங்கியிருந்தால் பயப்படாதீர்கள், அதன் வேலையே அதுதான். தகடு பளபளவென்று புதிதாக இருந்தால் கழற்றி உள்ளே பாருங்கள்.

முக்கியமான ஒன்று, ஆர்சி. வெளிநாட்டுப் பந்தய டர்ட் பைக்குகள் இங்கேயும் விற்கிறார்கள். அவற்றில் பல ரோட்டுக்குப் பதிவு செய்ய முடியாதவை, தனியார் மைதானத்தில் மட்டும் ஓட்டலாம். விலை மலிவாகத் தெரிகிறதே என்று வாங்கிவிட்டு மைதானத்துக்கு டெம்போவில் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். பதிவுச் சான்றிதழைக் கையில் பார்த்தபின் முன்பணம் கொடுங்கள். அப்புறம் ஏபிஎஸ், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கிற அமைப்பு. மண் இறக்கத்தில் பின்சக்கரத்து ஏபிஎஸ் வேலை செய்தால் வண்டி நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். பின்னால் அணைக்க முடிகிறதா அல்லது முன்சக்கரத்துக்கு மட்டும்தான் ஏபிஎஸ்ஸா என்று கேளுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிலையத்துக்காரர் விரலைக் காட்டுகிறார், இரண்டு நிமிடம்தானாம். டயருக்கு ஒரு பக்கம் எழுதி வந்திருந்தேன், சுருக்கிவிடுகிறேன். மண்ணில் காற்றைக் குறையுங்கள், பிடி கிடைக்கும். ட்யூப் சக்கரத்தில் 18 பிஎஸ்ஐ-க்குக் கீழே இறக்காதீர்கள், டயர் ரிம்மில் வழுக்கி வால்வைக் கிழித்துவிடும். ரோட்டில் ஏறுமுன் திரும்ப அடித்துவிடுங்கள். கிளட்ச், பிரேக் லீவர்களின் கிளாம்ப்பைக் கையால் திருப்பினால் திரும்புகிற அளவுக்கு மட்டும் இறுக்குங்கள், விழுந்தால் லீவர் சுழலும், ஒடியாது.

வண்டிக்கு வைத்திருக்கிற பணத்தில் முதலில் கணுக்கால் மூடுகிற பூட்ஸுக்கும் முழங்கால் கவசத்துக்கும் ஹெல்மெட்டுக்கும் எடுத்து வைத்துவிட்டு, மீதியில் வண்டி பாருங்கள். செருப்போடு ஓட்டினால் கால் வண்டிக்கும் கல்லுக்கும் நடுவில் மாட்டும்போது தெரியும். எங்கே ஓட்டுவது என்பது தனிப் பேச்சு, இப்போது நேரமில்லை. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம், விதைத்த நிலத்தில் ஏற்றாதீர்கள், தோட்டத்துப் பாதை என்றால் சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். செயின் ஸ்பிராக்கெட் பற்றி... இல்லை, முடிந்துவிட்டது என்கிறார். பட்டறைக்கு வாருங்கள், பேசலாம். வணக்கம்.