சிவப்புச் சட்டைப் பையன்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு மாலை நேரம். தெருமுனையில் நான்கைந்து பையன்கள் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துத் தெருவில் செல்போன் ஒன்று பறிபோனதாகத் தகவல் வந்திருந்தது. பறித்தவன் சிவப்புச் சட்டை என்றார்கள். ரோந்தில் இருந்த நான் வண்டியை நிறுத்தி, அவர்களில் சிவப்புச் சட்டை போட்டவனை, "ஏய், இங்க வாடா" என்று கூப்பிட்டேன். அவன் நண்பர்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "என்னடா இளிப்பு?" என்று தோளைப் பிடித்தேன். என் கையைத் தட்டிவிட்டான். அரை மணி நேரத்தில் அவன் ஸ்டேஷனில் இருந்தான்.

செல்போனை எடுத்தவன் அவனில்லை என்று அன்று இரவே தெரிந்துவிட்டது. ஆனாலும் காவலரைப் பணிசெய்ய விடாமல் தடுத்ததாக அவன்மேல் வழக்கு நின்றது. அவனுக்கு வயது 15.

நான் வண்டியை நிறுத்தியபோது அந்தப் பையனிடம் குற்றம் எதுவும் இல்லை. நிறுத்திய பிறகு என் குரலும் என் கையும் சேர்ந்துதான் ஒன்றை உண்டாக்கின. பிற்பாடு காவலர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலைக்கு வந்தபோது, இதே கதையை வேறு வேறு ஆட்கள் சொல்லிப் பல தடவை கேட்டேன். அதனால்தான் இன்று இதைப் பற்றிப் பேச வந்தேன்.

அந்தச் சிரிப்பைத் திமிர் என்று எடுத்துக்கொண்டேன். அது பயம். பயந்துபோன பிள்ளை சிரிக்கும், தலையைக் குனியும், எதிர்த்துப் பேசும், சில நேரம் ஓடியும் விடும். இது எதுவுமே குற்றத்துக்குச் சாட்சி இல்லை. அவசரத்துக்குக் கடிவாளம் போடுகிற மூளைப் பகுதி நெற்றிக்குப் பின்னால் இருக்கிறது. இருபதுகளின் நடுப்பகுதி வரை அது முதிர்ந்துகொண்டே இருக்கும்.

நண்பர்கள் பார்த்துக்கொண்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். 2005இல் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பர்க் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு அது. மஞ்சள் விளக்கு எரிந்த பிறகும் துணிந்து ஓட்டலாம், ஆனால் எந்த நேரத்திலும் மோதலாம். நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் அதிகமாகத் துணிந்தார்கள். 24 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. இதை அன்றைக்கே அறிந்திருந்தால் நான் செய்திருக்க வேண்டியது ரொம்பச் சின்ன வேலை. அவனைப் பத்தடி தள்ளிக் கூட்டிப் போய்ப் பேசியிருக்க வேண்டும். நண்பர்கள் முன்னால் மானம் போகிறது என்றால் எந்தப் பிள்ளையும் பணியாது.

அப்புறம், காரணத்தைச் சொல்லியிருக்க வேண்டும். "தம்பி, இங்கே ஒரு செல்போன் போயிருக்கிறது. எடுத்தவன் சிவப்புச் சட்டை என்கிறார்கள். அதனால்தான் கேட்கிறேன்." சொல்லி முடிக்கப் பத்து விநாடி ஆகுமா? டாம் டைலர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980களில் சிகாகோ மக்களிடம் விரிவாகப் பேட்டி எடுத்தார். காவலரும் நீதிமன்றமும் தங்களுக்குச் சாதகமாக முடிவெடுத்தார்களா என்பதைவிட, தங்களை நியாயமாக நடத்தினார்களா, தங்கள் பேச்சைக் கேட்டார்களா என்பதுதான் அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. பிள்ளைகளும் அப்படித்தான்.

எச்சரிக்கை வேண்டாமா என்று காவலர்கள் என்னிடம் கேட்பதுண்டு. வேண்டும். எதிரே நிற்பவனின் கையைக் கவனியுங்கள், இடைவெளி விட்டு நில்லுங்கள். அதற்காக "வாடா" என்று கூப்பிட வேண்டியதில்லை.

ஸ்டேஷனிலோ பள்ளியிலோ விசாரிக்கும்போது பொறுப்பு இன்னும் கூடுகிறது. 2011இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. 13 வயது மாணவன் ஒருவனை வகுப்பிலிருந்து கூட்டிப் போய், கதவை மூடிய அறையில் விசாரித்திருந்தார்கள். அவனுக்குப் பாதுகாவலர் பாட்டிதான். அவருக்குச் சொல்லவே இல்லை. தான் காவலில் இருப்பதாக ஒருவர் உணர்வாரா என்று பார்க்கும்போது வயதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. "நீ எப்போ வேண்டுமானாலும் எழுந்து போகலாம்" என்பதைப் பெரியவர் நம்பக்கூடும். குழந்தை நம்பாது. சட்டத்தின் பிடியில் சிக்கும் சிறார்களை எப்படி நடத்த வேண்டும் என்று 1985இல் ஐ.நா. ஏற்ற பெய்ஜிங் விதிகளும், பிள்ளையைப் பிடித்தால் பெற்றோருக்கோ பாதுகாவலருக்கோ உடனே தெரிவிக்க வேண்டும், பிள்ளைகளை அடிக்கடி கையாளும் காவலர்களுக்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்கின்றன.

மேலதிகாரிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எத்தனை பேரைப் பிடித்தோம் என்பது பதிவேட்டில் ஏறுகிறது. ஒரு காவலர் பேசியே சண்டையைத் தவிர்த்துப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினால் அது எங்கேயும் ஏறுவதில்லை. அதையும் எழுதுங்கள், கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் பாராட்டுங்கள். அது நடக்காவிட்டால் நான் எடுக்கிற வகுப்பெல்லாம் வகுப்போடு நின்றுவிடும்.

என் வகுப்பில் ஒரு காவலரைப் பையனாக நிற்கவைத்து, இன்னொருவரை வந்து விசாரிக்கச் சொல்வேன். முடிந்ததும் பையனாக நின்றவரிடம், "உங்களை ஏன் நிறுத்தினார்கள்?" என்று கேட்பேன். பலருக்குப் பதில் தெரிவதில்லை. சரி, மறுபடி செய்யுங்கள் என்பேன். பதில் தெரிகிற வரைக்கும் செய்யச் சொல்வேன்.

நன்றி, வணக்கம்.