ஒட்டிக்கொள்ளும் சவ்வு

வணக்கம். உங்கள் கைபேசிக்குள் ஒரு மைக் இருக்கிறது. சுமார் ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் சிலிக்கன் சவ்வு ஒன்று. எதிரே, சில மைக்ரோமீட்டர் தள்ளி, ஓட்டை போட்ட தகடு. அந்த இடைவெளிக்குள் தலைமுடி கூட நுழையாது.

இரண்டுக்கும் நடுவே மின்னழுத்தம் கொடுத்தால் சவ்வு தகட்டை நோக்கி வளையும். வளைந்தால் இடைவெளி குறையும். இடைவெளி பாதியானால் இழுப்பு நான்கு மடங்காகும். சவ்வின் விறைப்பு பாவம், அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. ஒரு கட்டத்துக்கு மேல் படக்கென்று போய் ஒட்டிக்கொள்ளும். 1968-இல் ஜி. ஐ. டெய்லர் என்ற பிரிட்டிஷ் இயற்பியலாளர் சோப்புப் படலங்களை வைத்தே இந்தக் கூத்தை ஆராய்ந்திருக்கிறார்.

வளையாத தட்டு ஒன்றை ஸ்பிரிங்கில் மாட்டினால் கணக்கு சுலபம்: இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கு நகர்ந்ததும் நிலைதடுமாறும். சவ்வு அப்படியில்லை. ஓரம் அசையாது, நடுதான் தொய்யும். ஒவ்வொரு புள்ளியிலும் இழுப்பு வேறு. அதனால்தான் கம்ப்யூட்டர் வேண்டியிருக்கிறது.

படிக்கிற காலத்தில் நானும் ஒரு புரோகிராம் எழுதினேன். வோல்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, நியூட்டன் முறையில், அதாவது ஓர் ஊகத்தைத் திரும்பத் திரும்பத் திருத்தி, விடை தேடும். நன்றாகத்தான் போனது. ஓரிடத்தில் எண்கள் தறிகெட்டு ஓடின. ஒரு வாரம் வரிவரியாகப் பிழை தேடினேன். சவ்வை இன்னும் பொடிப்பொடித் துண்டுகளாக நறுக்கிப் பார்த்தேன். அதே இடத்தில் அதே ரகளை. கடைசியில் என் ஆசிரியர் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அங்கே விடையே இல்லை என்றால் அது எதைத் தேடும்?"

புரோகிராம் சரி, நான் கேட்ட கேள்விதான் தப்பு. இத்தனை வோல்டுக்கு எவ்வளவு வளையும் என்று கேட்காமல், நடுப்பகுதி இவ்வளவு வளைய எத்தனை வோல்ட் வேண்டும் என்று திருப்பிக் கேட்டேன். மடமடவென்று விடை வந்தது. வோல்டேஜ் ஏறிக்கொண்டே போய், ஓரிடத்தில் இறங்க ஆரம்பித்தது! அந்த உச்ச வோல்டேஜுக்கு மேல் விடையே கிடையாது. விறைப்பாக இழுத்துக் கட்டிய மெல்லிய பட்டைக்கு, நடுத்தொய்வு இடைவெளியில் ஏறக்குறைய 39 சதவீதத்தைத் தொடும் இடம் அது. அதற்கப்பால் கிடைக்கும் விடைகள் முனையில் நிற்கவைத்த பென்சில் மாதிரி. கணக்கில் நிற்கும், கையில் நிற்காது.

அப்புறம், காற்று. தகட்டில் ஓட்டை எதற்கு என்றால், இடையில் மாட்டிக்கொண்ட காற்று வெளியேற வழி வேண்டும். இல்லையென்றால் அதுவே சவ்வின் அசைவைப் பிடித்து நிறுத்தும். அதையும் சேர்த்துக் கணக்கிடுவதைத்தான் விரிவாகச் சொல்ல நினைத்தேன். ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நேரம் முடிந்தது என்று கை காட்டுகிறார்கள். வணக்கம்.