விமான நிலையச் சுவரில் ஓர் இருவாச்சி

அனைவருக்கும் வணக்கம். இயற்கைப் படம் எடுக்கிறவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு லென்ஸில் தொடங்கி லென்ஸிலேயே முடிந்துவிடும். இன்று கேமராவைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டு, எடுத்த படத்தை எங்கே மாட்டுவது, யார் கண்ணில் படும்படி மாட்டுவது என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

நண்பர்கள் சிலர் சேர்ந்து சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் ஒரு கூட்டுக் கண்காட்சி வைத்தோம். பாத்திக் துணி ஓவியம், சீன மை ஓவியம், எண்ணெய் ஓவியம், மட்பாண்டம் எல்லாம் இருந்தன. புகைப்படம் என்னுடையது மட்டும்தான். விமான நிலையத்தில் கலை என்பது நமக்குப் புதிதில்லை. சாங்கியின் முதல் முனையத்தில் 1,216 உலோகத் துளிகள் ஏறி இறங்குகிற சிற்பத்தை 2012-இலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆம்ஸ்டர்டாம் விமான நிலையத்துக்குள் 2002-இல் அந்நாட்டுத் தேசிய அருங்காட்சியகமே ஒரு கிளை திறந்தது. ஆனால் விமான நிலையத்துக்கு வருகிறவர் யாரும் கலை பார்க்க வருவதில்லை. ஒரு கையில் தள்ளுவண்டி, ஒரு கையில் பாஸ்போர்ட், கண் முழுக்க அறிவிப்புப் பலகையில். நம் படத்துக்குக் கிடைப்பது சில நொடிகள்.

அந்தச் சில நொடிக்காகப் பலர் என்ன செய்கிறார்கள்? மீனைக் கவ்வும் கழுகு, வாய் பிளந்த முதலை என்று கண்ணை இழுக்கும் படமாகப் பார்த்து மாட்டுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. அப்படிப்பட்ட படங்களைக் கைபேசியில் தினமும் தள்ளிவிட்டுக்கொண்டே போகிறோம். பின்னணியை மங்கலாக்கி, பறவையின் தலையை மட்டும் நெருக்கிக் காட்டிய படம் எந்த நாட்டில் எடுத்ததாகவும் இருக்கலாம். விமான நிலையத்தில் மாட்டும் படத்தில் உயிரினத்தோடு ஊரும் தெரிய வேண்டும். இன்று உங்களிடம் சொல்ல வந்ததே இதுதான்.

பீஷான் பூங்காவில் எடுத்த நீர்நாய்ப் படம் ஒன்றை மாட்டியிருந்தேன். நீர்நாய்க் குடும்பம் படத்தின் கீழ்ப்பாதியில் சின்னதாகத்தான் இருக்கும். மேலே வீவக எனும் அரசு அடுக்குமாடி வீட்டு புளோக்குகள், துணி காயும் கம்புகள். விடுமுறை முடிந்து திரும்பிய குடும்பங்கள் அந்தப் படத்தின் முன்னால்தான் நின்றன. “இது நம்ம காலாங் ஆறுதானே?” என்று பிள்ளைகள் கேட்டார்கள். ஆமாம், அதே ஆறுதான். அங்கே 2.7 கிலோமீட்டருக்கு நேராகக் கிடந்த சிமெண்ட் கால்வாய், 2012-இல் 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறாக மாறியது. அப்புறம்தான் நீர்நாய்கள் அங்கே வந்து குட்டி போட்டன. நீர்நாயின் மீசையை மட்டும் காட்டியிருந்தால் இந்தக் கதையைச் சொல்ல வழியே இருந்திருக்காது.

என் படத்துக்கு அடுத்துத் தொங்கியது ஒரு சீன மை ஓவியம். ஒற்றைக் கொக்கு, சுற்றிலும் வெறும் தாள். ஓவியர் அந்த வெறுமையைத் தானே தேர்ந்து விட்டிருக்கிறார். கொக்கைவிட அந்த வெள்ளைதான் அதிகம் பேசுகிறது. அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒன்று விளங்கியது. புகைப்படக்காரன் பின்னணியை மங்கலாக்கி அந்த ஓவியரோடு போட்டி போடவே கூடாது. கேமராவின் முன்னால் நிஜமாக ஒரு கால்வாய் இருந்தது, ஒரு கம்பி வேலி இருந்தது. அவை இருந்தன என்று சாட்சி சொல்வதுதான் நம் வேலை. கூட்டுக் கண்காட்சியில் ஓவியத்தின் பக்கத்தில் தொங்கும்போது இந்த வேறுபாடு பளிச்சென்று தெரிகிறது. தனிக் கண்காட்சியில் இது தெரிய வாய்ப்பே இல்லை.

இன்னொரு படம் இருவாச்சி, பெரிய வளைந்த அலகுள்ள பறவை. இந்தக் கறுப்பு வெள்ளை இருவாச்சி 19-ஆம் நூற்றாண்டிலேயே சிங்கப்பூரிலிருந்து மறைந்துபோனது. 1994-இல் புலாவ் உபின் தீவில் மறுபடியும் கண்ணில் பட்டது. பிறகு ஆய்வாளர்கள் கூடாகப் பயன்படும் பெட்டிகள் வைத்து உதவினார்கள். இன்று சாங்கி வில்லேஜில் காப்பி குடித்துக்கொண்டே பார்க்கலாம். பெண் பறவை மரப்பொந்துக்குள் போய், மண்ணும் எச்சமும் குழைத்து வாசலை அடைத்துக்கொள்ளும். ஓர் அலகு நுழையும் அளவுக்கு மட்டும் பிளவு இருக்கும். ஆண் பறவை அத்திப்பழங்களைத் தொண்டையில் சேர்த்துக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாக மேலே வரவழைத்து, அலகு நுனியில் பிடித்து அந்தப் பிளவுக்குள் நீட்டும். என் படத்தில் பெண் பறவை தெரியாது. பழத்தை வாங்க வந்த அலகின் நுனி மட்டும் தெரியும்.

அந்தப் படத்தின் முன்னால் ஊர் திரும்பும் தம்பி ஒருவர் பெட்டியோடு நின்றார். கீழே தமிழில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, “அண்ணே, இது இருவாச்சியா? எங்க வால்பாறையில இதைவிடப் பெருசா இருக்கும்ணே” என்றார். சரியாகத்தான் சொன்னார், அங்கே இருப்பது பெரிய இருவாச்சி. இத்தனை வருஷம் இங்கே வேலை செய்தும் இந்த ஊரில் இது இருப்பதே தெரியாது என்று வருத்தப்பட்டார். தமிழில் குறிப்பு இல்லாவிட்டால் அவர் நின்றிருப்பாரா? கண்காட்சிக்குப் படம் கொடுக்கிறவர்கள் தமிழ்க் குறிப்பையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். நாரையைத் தூது விட்ட மொழியில் பறவைப் பெயர்களுக்கா பஞ்சம்?

விமான நிலையத்தில் பறவைப் படம் மாட்டுவதில் ஒரு முரண் உண்டு. ஓடுபாதைப் பக்கம் பறவை வராமல் காப்பது அங்கே பெரிய வேலை. 2009 ஜனவரியில் நியூயார்க்கில் வாத்துக் கூட்டம் மோதி ஒரு விமானத்தின் இரண்டு எஞ்சின்களும் செயலிழந்தன. ஹட்சன் ஆற்றில் இறக்கியதால் 155 பேரும் பிழைத்தார்கள். அதனால் விரட்டுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வானம் முதலில் யாருடையது என்பதை அந்தக் கட்டடத்துக்குள்ளேயே சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. சுங்கை பூலோ சதுப்பு நிலத்தில் எடுத்த பவளக்காலி என்ற கரைப்பறவையின் படத்துக்கு, ‘பறவைகளும் பயணிகளே’ என்று எழுதலாம் என்றார் ஒரு நண்பர். வேண்டாம் என்றேன். அந்த வரி பறவையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, பவளக்காலியைப் போலவே உள்ளான் குடும்பத்தைச் சேர்ந்த பட்டைவால் மூக்கன் என்ற பறவை ஒன்று 2022-இல் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 13,560 கிலோமீட்டர், 11 நாள், எங்கும் இறங்காமல் பறந்ததை எழுதினோம். நீண்ட பயணம் முடித்துக் களைத்து வந்த ஒருவர் அதை இரண்டு முறை படித்ததைப் பார்த்தேன்.

பிரிண்ட் பற்றிக் கேட்பீர்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 24 மெகாபிக்சல் படத்தை அங்குலத்துக்கு 150 புள்ளி வைத்து 40 அங்குல அகலம் வரை போடலாம். எட்டி நின்று பார்ப்பதற்கு அது தாராளம். பளபளப்புத் தாள் வேண்டாம், கண்ணாடியும் வேண்டாம். கூரை விளக்கு முழுவதும் அதில்தான் தெரியும்.

கடைசியாகக் குறிப்பில் எதை எழுதக்கூடாது என்பது. கூடு இருக்கும் மரத்தை எழுதாதீர்கள். கூட்டம் சேர்ந்துவிட்டால், உணவோடு வரும் ஆண் பறவை கிட்டே வரத் தயங்கும். இரை போட்டு வரவழைத்த படத்தைக் கொடுக்கவே வேண்டாம், வனவிலங்குகளுக்கு உணவு போடுவது இங்கே சட்டப்படி குற்றம். தீவின் பெயரைத் தாராளமாக எழுதலாம். சாங்கி பாயிண்ட் படகுத்துறை விமான நிலையத்திலிருந்து பக்கம்தான். 12 பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும், பத்து நிமிடத்தில் உபின் வந்துவிடும். இதையும் இருவாச்சிப் படத்தின் கீழே தமிழில் எழுதியிருந்தோம். வால்பாறைத் தம்பி அதைக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு, அடுத்த மாதம் இங்கே வேலைக்கு வரப்போகும் தன் மச்சானுக்கு அங்கே நின்றபடியே அனுப்பினார்.