நாலு நாய் உள்ள வீடு
(செப்டம்பர் 28, உலக வெறிநோய் தினத்தன்று ராஜபாளையத்தில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வரவேற்புரையிலேயே பாதிக் கூட்டத்தை நடத்தி முடித்துவிட்ட வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, வார்டு வேலைகளை ஒதுக்கி வைத்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர்களே, எனக்குப் பின் பேசவிருக்கும் கால்நடை உதவி மருத்துவர் அவர்களே, வாடகை வாங்காமல் ஒலிபெருக்கி அமைத்துத் தந்த அன்பர் அவர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். யாரையேனும் விட்டிருந்தால் பொறுத்தருள்க. பொன்னாடைப் பட்டியலில் நிச்சயம் விட்டிருக்க மாட்டார்கள்.

1895-இல் இதே செப்டம்பர் 28 அன்றுதான் லூயி பாஸ்டர் மறைந்தார். அதற்குப் பத்தாண்டு முன்பு, 1885 ஜூலையில், நாய் கடித்துக் குதறிய ஜோசப் மெய்ஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவன் அவருடைய வெறிநோய்த் தடுப்பு மருந்தால் பிழைத்தான். இந்த நாளை இந்த ஊரில் கொண்டாடுவதில் ஒரு பொருத்தம் உண்டு. 2005-இல் இந்திய அஞ்சல் துறை நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது நம் ஊர் நாயும் அதில் இடம்பெற்றது. ஊர்ப் பெயரையே தன் பெயராக வைத்திருக்கும் நாய் அது.

ஒன்றுக்கு மேற்பட்ட நாய் வளர்க்கும் வீட்டாருக்கு ஐந்து செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன்: தீனி, உண்ணி, சண்டை, தடுப்பூசி, செலவு. ஐந்துக்கும் சேர்த்து ஒரே பழமொழி போதும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு.

முதலில் தீனி. இதற்கு ஒரு வீட்டுக் கதை இருக்கிறது. பெயரும் தெருவும் வேண்டாம். அந்த வீட்டில் மூன்று நாய்கள்: ஒரு ராஜபாளையம், தெருவிலிருந்து எடுத்து வளர்த்த ஒரு நாட்டு நாய், ஒரு பொமரேனியன். எட்டுக் கிலோ இருக்க வேண்டிய பொமரேனியன் பதினாலு கிலோ. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. தைராய்டாக இருக்குமோ என்று ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. ‘இதுக்கு யார் யார் சோறு போடுறீங்க?’ என்று மருத்துவர் கேட்டார். ‘நான் மட்டும்தான் சார்’ என்றார் வீட்டுக்காரர். ‘என்னங்க, காலையில நான்தானே பால்சோறு வைக்கிறேன்!’ என்றார் மனைவி. பள்ளிக்கூடம் போகும் பையன் இட்லியில் பாதியை மேசைக்கு அடியில் நீட்டுகிறவன். இத்தனையும் போக, பாட்டி. நாலரை மணிக் காப்பிக்கு ஐம்பது கிராம் குளுக்கோஸ் பிஸ்கட் பொட்டலம் ஒன்று; தனக்கு இரண்டு, மிச்சம் நாய்க்கு. ‘அது பசியோட பாக்குதுடா’ என்பது பாட்டியின் வாதம். நாய் எப்போது பார்த்தாலும் பசியோடுதான் பார்க்கும், பாட்டி!

மருத்துவர் கணக்குப் போட்டுக் காட்டினார். எட்டுக் கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் ஐந்நூறு கலோரி போதும். அந்தப் பிஸ்கட் பொட்டலத்திலேயே இருநூறுக்குக் கிட்டப் போய்விடுகிறது. சமையலறைச் சுவரில் ஓர் அட்டை தொங்கவிட்டு, தீனி வைப்பவர் ஒரு கோடு போட வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அட்டையில் நாளுக்குச் சரியாக இரண்டு கோடுதான், நாயின் எடையும் அப்படியேதான். பாட்டி கோடு போடவில்லை. பிஸ்கட் மட்டும் போட்டுக்கொண்டிருந்தார். (சிரிப்பு) கடைசியில் பாட்டியையே அளப்பவராக நியமித்தார்கள். படி அவர் கையில், அட்டை அவர் கையில். அதன் பிறகு வீட்டில் ஒருவரும் ஒரு பருக்கை கூடுதலாக வைக்க முடியவில்லை. நாய் வாரத்துக்கு நூறு கிராம், நூற்றைம்பது கிராம் என்று இறங்கியது. ரொம்ப வேகமாக இறக்கவும் கூடாது.

எனவே ஆளுக்கொரு நாய் அல்ல, எல்லா நாய்க்கும் ஒரே ஆள். ஒவ்வொன்றுக்கும் தனி வட்டில், ஒன்றுக்கொன்று எட்டடி தூரம். முடிந்தால் தனித்தனி அறை. பதினைந்து நிமிடத்தில் வட்டிலை எடுத்துவிடுங்கள். மிச்சம் கிடந்தால் சண்டை அங்கேதான் தொடங்கும். நேற்றைய சாம்பார் கலந்த சோறு வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களைச் சிதைக்கும். திராட்சை, சாக்லேட் கூடவே கூடாது. வேகவைத்த கோழி எலும்பு சிலும்பாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

அடுத்து உண்ணி. ரத்தம் குடித்துப் பருத்த பெட்டை உண்ணி நாயை விட்டு இறங்கி, சுவர் விரிசலிலும் நிலை இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஆகவே அரிக்கிற நாய்க்கு மட்டும் மருந்து போடுவது வீண். எல்லா நாய்க்கும் ஒரே நாளில் போட வேண்டும். அன்றே கூண்டையும் சாக்கையும் விரிசலையும் கவனிக்க வேண்டும். பிடரியில் ஊற்றும் மருந்தை எடைக்கேற்ற அளவில் தனித்தனியாக வாங்குங்கள். பெரிய நாயின் குப்பியைச் சின்ன நாய்க்குப் பங்கு வைக்காதீர்கள். அளந்து போடு என்பது அங்கேயும்தான். வீட்டில் பூனையும் இருந்தால் பெர்மெத்ரின் கலந்த மருந்தைக் கொண்டுவரவே வேண்டாம், பூனை செத்துவிடும். ஒட்டியிருக்கும் உண்ணியைச் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய் தடவாதீர்கள், நகத்தால் நசுக்காதீர்கள். நாய் சோறு தின்னாமல் காய்ச்சலோடு கிடந்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. உண்ணிக் காய்ச்சலில் ரத்தத் தட்டணுக்கள் சரசரவென்று இறங்கும்.

சண்டை. கழுத்துப் பட்டையைப் பிடித்து விலக்கப் போனவர் கைதான் முதலில் கிழியும். நடுவில் பலகையையோ நாற்காலியையோ செருகுங்கள், குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். இரண்டு பெரியவர்கள் இருந்தால் ஆளுக்கொரு நாயின் பின்னங்கால்களைத் தூக்கிப் பின்னோக்கி இழுக்கலாம். ஒரே வீட்டில் இரண்டு பெட்டைகள் பகைத்துக்கொண்டால் ராசியாவது கடினம்.

இன்பமே இல்லையா என்று கேட்பீர்கள். ஏன் இல்லை? பெரிய நாய்கள் இருக்கும் வீட்டில் வெளிக்குப் போக இடம் எது என்று குட்டி தானே பார்த்துக் கற்கும். விளையாட்டில் அழுத்திக் கடித்தால் மற்றது கத்திவிட்டு ஒதுங்கிவிடும். எவ்வளவு கடிக்கலாம் என்பதைக் குட்டி அளந்து கற்கிறது. எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து குட்டியைப் பிரிக்காதீர்கள் என்பது இதற்காகத்தான்.

தலைவர் மணியைப் பார்க்கிறார். தடுப்பூசியை மருத்துவர் அவர்கள் விரிவாகச் சொல்வார்கள். நான் ஒன்றே ஒன்று: மருந்துக் கடையில் வாங்கி வண்டிப் பெட்டியில் வைத்து வெயிலில் கொண்டுபோன மருந்து, மருந்தே அல்ல. இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் பனிக்கட்டியோடு போக வேண்டும். கடிபட்டவர் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் காயத்தில் வேண்டாம்.

செலவை விட்டுவிடுகிறேன். பட்டியலில் இல்லாத ஆறாவதைத்தான் உண்மையில் பேச வந்தேன்: கருத்தடை. அண்ணன் தங்கை என்று இரண்டு குட்டியைச் சேர்த்து வாங்கி வருகிறோம். அந்த முறை நமக்குத்தான் தெரியும், நாய்க்குத் தெரியாது. ஓராண்டுக்குள் பெட்டை பருவத்துக்கு வரும். அறுபத்துமூன்று நாளில் குட்டிகள். ஆண்டுக்குப் பெரும்பாலும் இரண்டு முறை பருவம். ஐந்தாறு குட்டிகளை யார் தலையில் கட்டுவது? சாக்கில் போட்டுச் சந்தைப் பக்கம் விடுகிறோம். பிறகு தெருநாய்த் தொல்லை என்று நகராட்சிக்கு மனு கொடுக்கிறோம். 2023-ஆம் ஆண்டு விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் தெருநாய்க்குக் கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடச் சொல்கின்றன. வீட்டு வாசலிலிருந்து புதுக் குட்டிகள் வந்துகொண்டிருந்தால் அந்த வேலை எந்தக் காலத்தில் முடியும்?

நம் ஊர் இனத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு அடிக்கடி வரும். ஐந்து வாரக் குட்டி தூங்கும்போது பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். காற்றும் அதிர்வும் அதன் மேல் படக்கூடாது. தலை திரும்பாவிட்டால் அதை அன்பாக வளருங்கள், இனத்துக்கு மட்டும் விடாதீர்கள். ‘ஒரு ஈத்து ஈன்றால்தான் பெட்டைக்கு ஆரோக்கியம்’ என்பது பொய். ஈன்றதோ இல்லையோ, கருத்தடை செய்யாத பெட்டைக்கு வயது ஏற ஏறக் கருப்பையில் சீழ் கட்டும் ஆபத்து உண்டு. பருவம் முடிந்த சில வாரத்தில் ஓயாமல் தண்ணீர் குடித்தால் அதுதான் எச்சரிக்கை.

கருத்தடை அறுவைக்கு வாசலில் மேசை போட்டுப் பெயர் எழுதுகிறோம். பெட்டைக்குப் பருவம் முடிந்து இரண்டு மூன்று மாதம் ஆகியிருந்தால் நல்லது. முந்தின இரவோடு தீனியை நிறுத்துங்கள். தண்ணீர் காலை வரை வைக்கலாம். ஒரு வீட்டு நாய்களை ஒன்றாகக் கொண்டுவந்தாலும் அறுவைக்குப் பின் பத்து நாள் தனித்தனியாகக் கட்டுங்கள். ஒன்றின் தையலை மற்றது நக்கிப் பிரித்துவிடும். நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டும் கூம்பு, மாட்டிய நாயின் நாக்கைத்தான் தடுக்கும். கடுவனுக்கு அறுவை முடிந்தாலும் ஒரு மாதத்துக்கு மேல் வித்து மிச்சம் இருக்கலாம். ஆறு வாரம் பெட்டையோடு விடாதீர்கள். தையல் ஆறிய பிறகு தீனியைக் கால்வாசி குறையுங்கள், இல்லையென்றால் பொமரேனியன் கதைதான். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு. உங்கள் நாய்களின் எடையைத் தெரிந்துகொண்டு மேசைக்கு வாருங்கள். மயக்க மருந்தையும் எடை பார்த்துத்தான் போடுவார்கள்.