திட்டினால் குட்டி என்ன கற்றுக்கொள்கிறது?

வணக்கம் நேயர்களே. நான் கால்நடை மருத்துவர். நாய்க்குட்டிக்குத் தடுப்பூசி போட்டு முடித்ததும், கிளம்புகிற நேரத்தில்தான் பலர் அந்தக் கேள்வியைக் கேட்பார்கள். "டாக்டர், வீடு பூரா ஒன்னுக்குப் போய் வைக்குது, என்ன பண்றது?" கூடவே இன்னொன்றும் வரும். "தப்புன்னு அதுக்கே தெரியுது டாக்டர். எங்களைப் பார்த்ததும் காதை மடக்கிக்கிட்டுக் கட்டிலுக்கு அடியில போயிடுது."

இரண்டாவதை முதலில் பார்ப்போம். அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 14 நாய்களை வைத்துச் செய்த சோதனை 2009-இல் வெளியானது. தொடக்கூடாது என்று சொல்லி வைத்த தின்பண்டத்தை நாய் தின்றதா இல்லையா என்பதை, சில சமயம் உரிமையாளரிடமே மாற்றிச் சொன்னார்கள். தலையைத் தாழ்த்தி, கண்ணை வேறுபக்கம் திருப்பும் அந்தக் குற்ற முகம், தின்ற நாயிடம் கூடுதலாகத் தெரியவில்லை. திட்டு வாங்கிய நாயிடம் தெரிந்தது. அதிலும், ஒன்றுமே செய்யாமல் திட்டு வாங்கியவற்றிடம் இன்னும் அதிகம்.

ஆக, கட்டிலுக்கு அடியில் போகிற குட்டிக்கு வந்தது பயம், அவ்வளவுதான். எப்போதோ போனதற்கு இப்போது திட்டினால் அதற்கு ஒன்றும் விளங்காது. போகிற நேரத்திலேயே அதட்டினாலோ, மூக்கைப் பிடித்து ஈரத்தில் தேய்த்தாலோ, ஒன்றை மட்டும் நன்றாகக் கற்றுக்கொள்ளும்: மனிதர் பார்க்கும்போது போனால் அடி விழும். பிறகு வெளியே கூட்டிப்போய் அரைமணி நின்றாலும் அடக்கிக்கொண்டே இருக்கும். உள்ளே வந்ததும் சோபாவுக்குப் பின்னால் வேலையை முடிக்கும். அதைத் திமிர் என்பார்கள். நாமே சொல்லிக்கொடுத்த பாடம் அது.

உண்மையில் சுத்தம் குட்டிக்குப் புதிதல்ல. பிறந்த புதிதில் தாய் நக்கிவிட்டால்தான் சிறுநீரும் மலமும் வரும். 3 வாரம் ஆனதும் படுக்கிற இடத்தைவிட்டு நகர்ந்துபோய்க் கழிக்கத் தொடங்கிவிடும். மொத்த வீடும் தன் படுக்கை போலத்தான் என்று அதற்குப் புரியவைப்பதுதான் நம் வேலை. அதனால் ஆரம்பத்தில் வீடு முழுக்க ஓடவிடாதீர்கள். கூண்டு வைத்தால், எழுந்து நிற்க, திரும்ப, காலை நீட்டிப் படுக்க இடம் இருந்தால் போதும். ரொம்பப் பெரிதாக இருந்தால் ஒரு மூலை படுக்கை, மறுமூலை கழிப்பறை ஆகிவிடும்.

எவ்வளவு நேரம் அடக்கும்? மாதத்துக்கு ஒரு மணி நேரம் என்பது தோராயக் கணக்கு. 2 மாதக் குட்டி என்றால் பகலில் 2 மணி நேரமே அதிகம். இரவிலும் ஒருமுறையாவது நீங்கள் எழுந்திருக்க வேண்டியிருக்கும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில், விளையாட்டுக்கு நடுவில் — இவைதான் முக்கிய வேளைகள். ஓடிக்கொண்டிருந்தது சட்டென்று நிற்கும், தரையை மோந்து வட்டமடிக்கும். அப்போது காலுக்குச் செருப்பைத் தேடி நிற்காதீர்கள், குட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுங்கள். தண்ணீரைக் குறைத்து வைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

வெளியே போனதும் பேசாமல் நில்லுங்கள். பாதியிலேயே "சபாஷ்" என்று கத்தினால், மீதியை நிறுத்திவிட்டு உங்களிடம் ஓடிவரும். அந்த மீதி உள்ளே வந்து மிதியடியில் இறங்கும். முடித்த அடுத்த நொடி பாராட்டுங்கள், கையில் வைத்திருக்கும் தின்பண்டத்தை அங்கேயே கொடுங்கள். உடனே வீட்டுக்குள் இழுத்துவராமல் கொஞ்சம் விளையாடவும் விடுங்கள். போனதும் விளையாட்டு முடிந்தது என்றால், எந்தக் குட்டி சீக்கிரம் போகும்? தடுப்பூசிகள் முடியாத குட்டியை மற்ற நாய்கள் நடமாடும் இடத்தில் இறக்க வேண்டாம், குட்டிகளுக்குக் கடும் வாந்தி, பேதி தரும் பார்வோ கிருமி மண்ணில் நெடுநாள் கிடக்கும்.

வீட்டுக்குள்ளேயே சிறுநீர் போய்விட்டதா? சிறுநீர் வாசனையைச் சிதைக்கும் என்சைம் கலந்த திரவத்தால் துடையுங்கள். அமோனியா உள்ளது வேண்டாம், அதிலும் சிறுநீர் வாசனைதான் வரும்.

நன்றாகப் பழகிய குட்டி திடீரென்று சொட்டுச் சொட்டாக அடிக்கடி போனால், அது பழக்கக் கோளாறாக இல்லாமல் சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். சுத்தமான டப்பாவில் கொஞ்சம் சிறுநீரைப் பிடித்துக்கொண்டு, குட்டியோடு மருத்துவரிடம் வாருங்கள். நன்றி, வணக்கம்.