தட்டைத் தள்ளியவன் சொல்ல வந்தது

நேயர்களுக்கு வணக்கம்.

என் தம்பிக்கு 34 வயது. அறிவுசார் குறைபாடு உள்ளவன். ஊர் வழக்கில் மனவளர்ச்சி குன்றியவன். பேச்சு என்று பார்த்தால் நாலைந்து சொற்கள்தான். ஏழு வருடங்களுக்கு முன்பு ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் தட்டைத் தள்ளிவிட ஆரம்பித்தான். கூடவே தன் மணிக்கட்டைக் கடித்துக்கொள்வான். தடுக்கப் போன அம்மாவின் கையிலும் பல் பதிந்தது. அந்தத் தழும்பை முந்தானையால் மூடிக்கொண்டுதான் அம்மா வெளியே போவார்.

பிடிவாதம் என்றார்கள். மந்திரித்துக் கயிறு கட்டச் சொன்னார்கள். நாங்கள் போன மருத்துவரோ, "இவங்க இப்படித்தான் இருப்பாங்க" என்று தூக்க மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தார். தம்பி மத்தியானம் வரை தூங்கினான். ராத்திரி தட்டைத் தள்ளினான்.

அப்புறம் ஒரு சிறப்பு ஆசிரியை அம்மாவிடம் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்தார். "அவன் என்ன செய்தான் என்று மட்டும் எழுதாதீங்க. அதுக்குக் கொஞ்சம் முன்னால என்ன நடந்தது, அப்புறம் நீங்க என்ன செய்தீங்க, அதையும் எழுதுங்க" என்றார். அம்மா எழுதியது இன்னும் இருக்கிறது: 'திங்கள், சூடான ரசம், தள்ளினான். செவ்வாய், தயிர்சாதம், சாப்பிட்டான். புதன், அப்பளம், தள்ளினான், கையைக் கடித்தான், திட்டினேன். வியாழன், குழைந்த பொங்கல், சாப்பிட்டான்.'

டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தோம். இடது கடைவாய்ப் பல்லில் பெரிய சொத்தை. பல்லை எடுத்த பத்தாம் நாள், ரசம் சாதத்தைத் தானே பிசைந்து சாப்பிட்டான். அம்மா அன்றைக்கு அழுத அழுகையை நான் மறக்கவில்லை. வலியில் இருந்தவனை இத்தனை நாள் திட்டினோமே என்ற அழுகை அது.

அதனால்தான் சொல்கிறேன். சாதுவாக இருந்த பிள்ளை திடீரென்று முரண்டு பிடித்தால், முதலில் உடம்பைப் பாருங்கள். பல், காது, மலச்சிக்கல், நீர்க்கடுப்பு, பெண் பிள்ளைகளுக்கு மாதவிலக்கு வலி. டவுன் சிண்ட்ரோம் என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்களுக்குத் தைராய்டு குறைவது சகஜம். அதுவும் சுபாவத்தை மாற்றும். வலிப்புக்குத் தரும் லெவெடிராசிட்டம் போன்ற மாத்திரைகள் சிலருக்கு எரிச்சலைக் கூட்டும். ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பே திரும்ப வரலாம். மருத்துவரிடம் சொல்லி மாற்றச் சொல்லுங்கள்.

எல்லாமே வலியால் வருவதில்லை. குளிக்கக் கூப்பிட்டால் தம்பி கத்துவான், நாங்களும் "சரி, விடு" என்போம். கத்தினால் குளியல் தள்ளிப்போகும் என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்ததே நாங்கள்தான். நோட்டு அதையும் காட்டியது. கத்துவதற்குப் பதிலாக உள்ளங்கையைக் காட்டப் பழக்கினோம். காட்டினால் ஐந்து நிமிடம் பொறுப்போம், அப்புறம் குளியல். முதல் வாரம் முன்னைவிடப் பலமாகக் கத்தினான். பழைய வழி பலிக்காதபோது அப்படித்தான் ஆகும். நிறைய வீடுகளில் அந்த வாரத்தில்தான் கைவிட்டுவிடுகிறார்கள்.

கொந்தளிப்பு வந்துவிட்டால் அது உபதேசம் செய்கிற நேரம் இல்லை. கையெட்டும் தூரத்தில் உள்ள கத்தி, கண்ணாடி டம்ளரை அகற்றுங்கள். ஓரடி தள்ளி நின்று, தணிந்த குரலில் ஒன்றிரண்டு சொல் பேசினால் போதும்.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். அவர்கள் மனநோயாளிகள், என் தம்பியின் நிலை வேறு. ஆனால் அவனைப் போன்ற பிள்ளைகளை அறைக்குள் பூட்டிவைக்கிற வீடுகளையும் நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தாய்மார்களை நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஒரே ஒரு ராத்திரி மாற்றிவிட ஆள் இல்லாதவர்கள் அவர்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் சிறப்பு ஆசிரியர், பராமரிப்பு உதவித்தொகை பற்றிக் கேளுங்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான மத்திய அரசின் நிராமயா காப்பீட்டில் வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கோரலாம்.

அந்தப் பல்லுக்குப் பிறகு, தினமும் படுக்கும் முன் அம்மா தம்பியின் கன்னத்தையும் காதையும் வயிற்றையும் தொட்டு "வலிக்குதா?" என்று கேட்பார். போன மாதம் ஒரு விடியற்காலை அவனே வந்து அம்மாவின் கையை இழுத்துத் தன் காதின் மேல் வைத்தான். டார்ச் எடுத்துப் பார்த்தோம். சீழ் கட்டியிருந்தது.

நன்றி, வணக்கம்.