ஒரே இரவில் இருபத்துமூன்று செய்திகள்

நேயர்களுக்கு வணக்கம். கொடைக்கானலிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள சில விடுதிகளின் இணைய இணைப்புகளைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. எந்த ரூட்டர் உயிரோடு இருக்கிறது, எந்தக் கம்பியில் எவ்வளவு நெரிசல் என்று பார்த்துச் சொல்ல ஒரு கண்காணிப்பு மென்பொருள் இருக்கிறது. அதை நிறுவ அரை மணி நேரம் போதும். அதன் அமைப்புகளை நம் ஊருக்குத் தக்கபடி திருத்த எனக்கு இரண்டு மழைக்காலம் பிடித்தது.

முதல் மழைக்காலத்தில் ஓர் ஐப்பசி இரவு. பெருமாள்மலைப் பக்கத்துச் சரிவில் நிற்கும் எங்கள் கோபுரத்தில் மின்சாரம் போய்விட்டது. அந்தக் கோபுரத்தின் வழியாகத்தான் கீழே உள்ள விடுதிகளுக்கு இணைப்பு போகிறது. மென்பொருளுக்கு அது தெரியாது. கோபுரம் விழுந்தது என்று ஒரு செய்தி. அதற்குப் பின்னால் இருந்த இருபத்திரண்டு கருவிகளுக்கும் தனித்தனியே ஒவ்வொரு செய்தி. மரமேசை மேல் கைபேசி விட்டுவிட்டு உறுமியது. அடுத்த அறையிலிருந்து அம்மா எழுந்துவந்து, "யாருக்கு என்னப்பா ஆயிற்று?" என்று கேட்டார். கைபேசியின் வாயை அடைத்துவிட்டுப் படுத்தேன். இருபத்துநான்காவது செய்தி விடியற்காலையில் வந்திருக்கிறது. நாயுடுபுரத்தில் ஓர் அலுவலகத்து யுபிஎஸ் பாட்டரி சூடேறுகிறது என்பது அது. நான் பார்த்தபோது பாட்டரி உப்பிப்போயிருந்தது. செலவு என் பையிலிருந்து.

இதற்கு மருந்து ஒரு சின்ன அமைப்புதான். எந்தக் கருவிக்கு எது தாய் என்று சொல்லி வைக்க வேண்டும். தாய் விழுந்தால் பிள்ளைகளைப் பற்றி மென்பொருள் வாய் திறக்காது. கூடவே, 'இருக்கிறாயா?' என்று கருவியைக் கேட்டுப் பதில் வாங்கும் பிங் ஒன்று தவறியதும் கூச்சல் போடாமல், அடுத்தடுத்து மூன்று தவறிய பிறகே சொல்லும்படி மாற்றினேன். ஈர இலைகள் அலையை மறைக்கும் மலையில், ஒரு பிங் தவறுவது தும்மல் மாதிரி. (எல்லாரும் பனிமூட்டத்தைத் திட்டுகிறார்கள். நாங்கள் பயன்படுத்தும் 5 கிகாஹெர்ட்ஸ் அலையைப் பனிமூட்டம் ஒன்றும் செய்வதில்லை. குற்றவாளி பெரும்பாலும் வளர்ந்துவிட்ட மரக்கிளைதான்.)

வரம்புகளும் அப்படியே. பதில் வர 200 மில்லி வினாடிக்கு மேல் ஆனால் சிவப்பு காட்டு என்று வைத்திருந்தேன். மன்னவனூர்ப் பக்கம் ஒரு பண்ணை வீட்டில் செயற்கைக்கோள் இணைப்பு. அந்தச் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேல் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. கேள்வி ஏறி இறங்கி, பதிலும் ஏறி இறங்க, ஒளியின் வேகத்தில் போனாலே 477 மில்லி வினாடி ஆகும். பாவம், அந்த வீடு பிறந்ததிலிருந்தே சிவப்பு. அதற்கு மட்டும் வரம்பை 800-க்கு உயர்த்தினேன்.

என்னை உண்மையிலேயே ஏமாற்றியது வேறொன்று. ஒரு விடுதியில் பழைய 100 மெகாபிட் கம்பியை எடுத்துவிட்டு ஒரு கிகாபிட் கம்பி போட்டோம். மே மாதம், சீசன் உச்சம், அறை ஒன்றுகூடக் காலியில்லை. மென்பொருளின் வரைபடமோ ஜனவரியைவிடக் குறைவான இணையப் போக்குவரத்தைக் காட்டியது. "இதற்காகவா இவ்வளவு பணம் கொடுத்தேன்?" என்றார் முதலாளி. எனக்கும் பதில் தெரியவில்லை.

பழைய ஸ்கூட்டரில் கிலோமீட்டர் காட்டும் மீட்டர் 99,999-ஐத் தாண்டினால் சுழியத்துக்கு வந்துவிடும் அல்லவா? கம்பிகளை இணைக்கும் ஸ்விட்ச் என்ற கருவிக்குள்ளும், போகிற வருகிற தரவை எண்ண அப்படியொரு மீட்டர் இருக்கிறது. 32 பிட் மீட்டர் 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம் பைட்டுகளை எண்ணியதும் மறுபடி சுழியத்திலிருந்து தொடங்கும். 100 மெகாபிட் கம்பி முழு வேகத்தில் ஓடினால் அதற்கு 343 வினாடி ஆகும். ஒரு கிகாபிட் கம்பிக்கு 34 வினாடியே போதும். என் மென்பொருளோ ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் எட்டிப் பார்த்தது. இடையில் மீட்டர் எத்தனை சுற்று சுற்றியது என்று அதற்கு எப்படித் தெரியும்? இந்த மீட்டர்களைப் படிக்க உதவும் எஸ்.என்.எம்.பி. நெறிமுறையின் இரண்டாம் பதிப்பைத் தேர்ந்தெடுத்து, மிகப் பெரிய எண்வரை எண்ணும் 64 பிட் மீட்டரைப் படிக்கச் சொன்னதும் வரைபடம் கூரைக்கு ஏறியது. முதலாளி முகமும் தெளிந்தது. அந்த நெறிமுறைக்கு வழக்கமாகக் கடவுச்சொல்லாக வரும் 'பப்ளிக்' என்ற சொல்லையும் அன்றே மாற்றினேன். அதை ஊருக்கே தெரியும்.

இன்னொன்று, பழைய கணக்கு. இடத்தை மிச்சப்படுத்த மென்பொருள் பழைய அளவீடுகளைச் சராசரியாக்கிச் சுருக்கிவிடும். மே மாத இரவு எட்டு மணி நெரிசல், ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் அந்த நாளின் சராசரியில் கரைந்துபோயிருக்கும். நம் ஊர்ச் சூரிய ஆய்வகத்தில் நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சூரியனைப் படமெடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அவற்றை மாதத்துக்கு ஒரு படமாகக் கலக்கி வைத்திருந்தால் கரும்புள்ளிகளை யார் தேடுவது? சராசரியோடு உச்ச அளவையும் சேமிக்கும்படி ஓர் அமைப்பு இருக்கிறது. அதை முதல் நாளே போட்டுவிடுங்கள். கரைந்த கணக்கு திரும்பி வராது.

இப்போதெல்லாம் மின்சாரம் போனால் ஒரே ஒரு செய்தி வருகிறது. காவல் காக்கும் கணினியே படுத்துவிட்டால் என்ன செய்வது என்று, தினமும் காலை ஆறு மணிக்கு 'நலம்' என்று ஒரு செய்தி அனுப்பவும் சொல்லியிருக்கிறேன். அம்மா காப்பி கொடுக்கும்போதே, "உன் பெட்டி நலமாமா?" என்று கேட்டுவிடுவார். ஒரு நாள் அந்தச் செய்தி வரவில்லை. மழையில், அந்தக் கணினி இருக்கும் நாயுடுபுரத்துக்கு ஓடினேன். கணினி நன்றாகத்தான் இருந்தது. செய்தி அனுப்பும் சிம் கார்டுக்கு ரீசார்ஜ் முடிந்திருந்தது.

நன்றி, வணக்கம்.